குலைக்காத நாய்

உமிக் குவியலின் நிழலில் படுத்துக் கிடந்த நாய் எழும்பி ஓடி வந்து சுபியானின் கதிரைக்கு முன்னால் நின்றது. நின்று, அவருடைய முகத்தைப் பார்த்தது.

சுபியான் கிழிந்த சாக்கு ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். நாயைக் கண்டதும் கோணி ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்தார். சேர்ட் பைக்குள் கையை விட்டு ஒரு கருவாட்டுத் தலையை எடுத்து எறிந்துவிட்டு, எழும்பிப் போய்க் கேட்டின் தாழ்ப்பாளை இழுத்தார். வெளியே, சம்மாந்துறைப் பக்கம் இருந்து வந்த நெல் லொறி ஒன்று நின்றது.

"ஹோன்ல இருந்து கைய எடுக்கல்ல காக்கா, அதுக்குள்ள தொறந்திட்டீங்க," என்று சாரதி தலையை வெளியே போட்டுச் சிரித்தார். "மத்த மில்லுகள்ல அரமணித்தியாலம் நிண்டு கத்தணும்."

சுபியான் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் மூடிய பிறகு, "தராசில ஏத்துங்க தம்பி," என்றார்.

சாரதி அடித்த ஹோன் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு வருசத்துக்கு மேலாக எந்த லொறியின் ஹோனும் அவருக்குக் கேட்டதில்லை. மில்லில் அது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவர், மற்றது டிராக்டர் ஓடுகிற பாயிஸ். நாயையும் சேர்த்தால் மூன்று.

மில் நிந்தவூருக்கு மேற்கே, ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்தது. இருபத்தாறு வருசம் சுபியான் அதற்குள் உமி பிரிக்கிற மிசினோடு நின்றவர். பதியுதீன் ஹாஜியார் மில்லைத் தொடங்கிய காலத்தில் இருந்த மிசின். பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைக்க வேண்டும் என்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு ஹாஜியார் அவரைக் கேட்டுக்கு மாற்றிவிட்டார். "இருந்துகொண்டு செய்ற வேல, சாக்கும் தைக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு ஹாஜியார் படுக்கையில் விழுந்தார். மகன் சியாம் மில்லைப் பார்க்க வந்தார்.

காது எப்போது போனது என்று சுபியானுக்குத் தெரியாது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் காகம், மறுகா சைக்கிள் மணி, அதற்குப் பிறகு பேரப்பிள்ளை நப்லாவின் குரல். கொரோனா நேரம் எல்லாரும் மாஸ்க் போட்டார்கள். அந்த மாதங்களில்தான் அவருக்கு விளங்கியது, இவ்வளவு நாளும் ஆட்களின் கதையை நான் காதால் கேட்கவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று. மாஸ்க் கழற்றியதும் மூச்சு வந்த மாதிரி இருந்தது அவருக்கு. ஆனால் பின்னால் நின்று கூப்பிடுகிறவர்களுக்கு வாய் இல்லையே.

மில் வெள்ளிக்கிழமை ஓடாது. அவருடைய காதுக்குள் அது வெள்ளிக்கிழமையும் ஓடும்.

முன்பு கேட்டை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் கண்ணை வைத்துச் சமாளித்தார். இரண்டு மூடை நெல் களவு போன பிறகு சியாம் கேட்டுக்குத் தகரம் அடித்தார். எந்நேரமும் பூட்டி இருக்க வேண்டும் என்றார். சாக்கும் தைத்து முடிய வேண்டும். சாக்கைப் பார்த்தால் கேட்டைப் பார்க்க முடியாது. கேட்டைப் பார்த்தாலும் தகரம்தான் தெரியும்.

ஒரு மழை நாள் சியாமின் வேன் வெளியே பத்து நிமிசம் நின்றது. கடைசியில் சியாம் இறங்கி நனைந்துகொண்டு வந்து தகரத்தில் அடித்தார். தகரம் நடுங்கியதைப் பார்த்துத்தான் சுபியான் எழும்பினார்.

"நித்திரையா காக்கா?"

"ஓம் முதலாளி. கண் அசந்து போச்சி."

"இன்னொருக்கா நித்திர வந்தா வீட்ட போய்க் கொள்ளுங்க. இஞ்ச வேணாம்."

சுபியான் தலையைக் குனிந்துகொண்டார். பொய் சொன்னதில் அவருக்குக் கவலைதான். ஆனால் நித்திரைக்காரனுக்கு மன்னிப்பு உண்டு. காது கேட்காதவனுக்கு என்ன உண்டு என்று அவருக்குத் தெரியும். அவரோடு மிசினில் நின்ற மீராசாவுக்கு நெஞ்சில் தூசி பிடித்து இழுப்பு வந்தபோது, ஒரு மூடை அரிசியை முச்சக்கரவண்டியில் ஏற்றி, ஸலாம் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மில்லில் இருந்து போனவர்கள் எல்லாரும் ஒரு மூடை அரிசியோடுதான் போனார்கள்.

நாய் அந்த மழைக்குப் பிறகு வந்தது. உமிச் சூட்டுக்கு ஆசைப்பட்டு வந்த குட்டி. மண் நிறம், முன்கால் ஒன்று மட்டும் வெள்ளை. மூடை தூக்குகிற இன்பாஸ் அதற்கு வெள்ளக்காலன் என்று பேர் வைத்தான். சுபியான் அதை எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முதலில் அதைக் கல்லெறிந்து விரட்டியவரும் அவர்தான். ஒருநாள் சாக்குத் தைத்துக்கொண்டிருக்கும்போது, நாய் சட்டென்று தலையைத் தூக்கிக் கேட்டைப் பார்ப்பதைக் கண்டார். போய்த் திறந்தார். பாயிசின் டிராக்டர் நின்றது. அன்று பின்னேரம் முழுக்க அவர் சாக்கைப் பார்க்கவில்லை. நாயின் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாயிசிடம் போய் நாயைப் பற்றிச் சொன்னார். அவனுக்குக் காது விசயம் ஏற்கனவே தெரியும். கேட்டில் நின்று ஹோன் அடித்து அடித்துக் கண்டுபிடித்தவன்.

"நாயா?" என்றான் பாயிஸ். "காக்கா, உங்களுக்குக் காது மட்டுமா போன?"

"சிரிக்காத. அதுக்கு ஹோன் கேக்குது. கேட்டா கேட்டத்தான் பாக்குது. என்னப் பாக்க வைக்கணும். அவ்வளவுதான்."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"நீ டிராக்டர்ல ஏறி நிண்டு ஹோன அடி. அடிக்கக்குள்ள கைய மேல தூக்கு. கேட்டுக்கு மேலால எனக்குக் கை தெரியும். கை தெரிஞ்ச ஒடனே நான் தல போடுவன்."

"ஆர்ட தல?"

"கருவாட்டுத் தலடா."

ஒவ்வொரு நாளும் காலையில் முதல் லொறி வருவதற்கு முன் பாயிஸ் பத்துத் தடவை ஹோன் அடித்தான். கேட்டுக்கு மேலே அவனுடைய கை எழும்பும். சுபியான் கருவாட்டுத் தலையைக் கையில் தூக்கிப் பிடிப்பார். நாய் ஓடி வரும். ஆனால் அது கையைத்தான் பார்த்தது. கை எங்கே போனாலும் கண் அங்கே போனது. சுபியான் எறியாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பார். நாய் குதிக்கும், சுற்றும், குலைக்கும். குலைப்பது வாயின் அசைவில் தெரியும். அவர் எறியமாட்டார். குதித்துக் களைத்து, என்னதான் வேண்டும் உனக்கு என்பது போல ஒரு தடவை நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்க்கும். கண்ணும் கண்ணும் சந்தித்த அந்த நொடியில் தலை போய் விழும்.

எட்டாம் ஒன்பதாம் நாளில் நாய் கையை விட்டுவிட்டது. ஓடி வந்து நேரே கண்ணைப் பார்த்தது. குலைத்துக் காட்டினால் ஒன்றும் கிடைக்காது என்று கண்டு, குலைப்பதையும் மெல்ல மெல்ல விட்டுவிட்டது.

வீட்டில் மனைவி அஸ்பியாவுக்குத்தான் கரைச்சல். அவளுக்குக் காது விசயம் தெரியும். அவள் இப்போது அவரைக் கூப்பிடுவதில்லை. குதிக்காலால் நிலத்தில் ஒரு இடி இடிப்பாள். அவர் திரும்பியதும் கதைப்பாள்.

"கருவாட்டுத் தல ஒண்டும் எறிய வேணாம், தாங்க எண்டு பக்கத்து வளவுகள்ல கேட்டு வாங்குறன். றிபாட உம்மா கேக்கா, பூன வளக்கிறயளா எண்டு."

"ஓம் எண்டு சொல்லன்."

"பூன எங்க எண்டு கேட்டா?"

"மில்லில நிக்கி எண்டு சொல்லு."

"நாய் எண்டு தெரிஞ்சா தல தரமாட்டா. தொடல்லதானே நீங்க?"

"தொடல்ல புள்ள. எறியிறதுதான்."

ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டது. அவர் சாக்கின் மூட்டுத் தையலில் கண்ணை வைத்திருந்தபோது நாய் வந்து நின்று பார்த்திருக்கிறது. அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஈர மூக்கால் அவருடைய மணிக்கட்டில் இடித்தது. சுபியான் போய்க் கேட்டைத் திறந்து லொறியை விட்டுவிட்டு, பைப்படிக்குப் போனார். நாயின் ஈரம் பட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும். ஒரு தடவை மண்ணைக் கரைத்துத் தேய்த்து, மறுகா ஆறு தடவை தண்ணீர் விட்டுக் கழுவினார். இன்பாஸ் மூடையை முதுகில் வைத்துக்கொண்டே நின்று எண்ணினான்.

"ஏழு முடிஞ்சி காக்கா. காணும். தோல் கழண்டுரும்."

மூக்கால் இடித்தது நல்ல வேலை. அதைப் பழக்கினால் அவர் நிமிர்ந்து பார்க்கவே தேவையில்லை. ஆனால் ஒரு நாளைக்குப் பதினைந்து லொறி வரும். பதினைந்தையும் ஏழால் பெருக்கிப் பார்த்தார். அடுத்த நாள் கதிரைக்கு முன்னால் நான்கு முழம் தள்ளி ஒரு வரிசை செங்கல் அடுக்கினார். செங்கல்லுக்கு அங்கால் நின்று பார்த்தால்தான் தலை. இரண்டு நாளில் நாய் அதையும் படித்துக்கொண்டது. ஓடி வரும், செங்கல்லில் நிற்கும், பார்க்கும். அவர் தையலில் இருந்து இரண்டு குத்துக்கு ஒரு தடவை நிமிரப் பழகிக்கொண்டார். யார் யாரைப் பழக்கினார்கள் என்று பாயிஸ் கேட்டான்.

அதற்குப் பிறகு வேறு ஒரு கூத்து நடந்தது. நடுப்பகல் நாய் வந்து பார்க்கும். சுபியான் தலையை எறிந்துவிட்டுப் போய்க் கேட்டைத் திறப்பார். தெரு வெறுமையாக இருக்கும். பின்னேரமும் ஒரு தடவை அப்படி. மூன்று நாள் தொடர்ந்து நடந்தது.

"ஆரு காக்கா வந்த?" என்று இன்பாஸ் கேட்டான்.

"ஒருத்தரும் இல்ல."

"ஒருத்தரும் இல்லாமக் கேட்டத் தொறக்கிறீங்க? வானத்தில இருந்து மலக்குமார் லொறியில வாறாங்களா?"

நான்காம் நாள் அவர் திறக்கவில்லை. தகரத்தில் ஆணி போன ஓட்டையால் எட்டிப் பார்த்தார். தெருவில் நான்கைந்து பேர் தொப்பியைத் தலையில் சரிசெய்துகொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். சுபியான் கொஞ்ச நேரம் ஓட்டையில் கண்ணை வைத்தபடியே நின்றார். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிறார்கள். நாய் அதையும் ஹோன் என்று எண்ணி வந்து சொல்லியிருக்கிறது.

பாங்கு கேட்டு அவருக்கு ஒரு வருசம். மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தொழப் போவார். அன்று நாய்க்கு இன்னொரு தலை எறிந்தார். அன்றில் இருந்து நாய் வந்து பார்த்தால் அவர் ஓட்டையால் முதலில் எட்டிப் பார்ப்பார். லொறி நின்றால் கேட்டைத் திறப்பார். லொறி இல்லை என்றால் தொழுகைக்கு ஒழு எடுக்கப் போவார். இதை அவர் பாயிசுக்கும் சொல்லவில்லை. அஸ்பியாவுக்கு மட்டும் சொன்னார். அடுத்த நாள் கருவாட்டுத் தலைப் பொட்டலத்துக்குள் ஒரு முழுக் கருவாடும் கிடந்தது.

ஐந்து மாதம் அப்படி ஓடியது. அந்த ஐந்து மாதத்தில் ஒரு லொறிகூட வெளியே நின்று கத்தவில்லை. சாக்குகளும் தைத்து முடிந்தன. சாரதிமார் மற்ற மில்களில் போய் இந்தக் கேட்டைப் பற்றிக் கதைத்தார்கள். அந்தக் கதை சுற்றிச் சியாமிடமும் வந்தது.

சியாம் ஒரு காலை முழுக்கக் கந்தோர் வாசலில் நின்று பார்த்தார். ஹோன் அடிக்கும்போது இன்பாஸ் நாய்க்கு பிஸ்கட் ஒன்றைப் போட்டான். நாய் பிஸ்கட்டை மணக்கக்கூட இல்லை. ஓடிப் போய்ச் செங்கல்லில் நின்றது.

சியாம் நடந்து வந்தார். "ஆரு காக்கா இதப் பழக்கின?"

"நான்தான் முதலாளி. சும்மா, பொழுது போக."

"ஒரு சத்தம் இல்ல, ஒரு துள்ளல் இல்ல. ஆளப் பாத்துக்கிட்டே நிக்கிதே. காசு குடுத்து வாங்கின நாயள் இப்பிடி நிக்காது." சியாம் கீழே குந்தி நாயைப் பார்த்தார். நாய் சுபியானைப் பார்த்தது. "தம்பிலுவில் பக்கம் ஒரு தென்னந்தோட்டம் எடுத்தமே. தேங்கா நிக்கிதில்ல, எல்லாம் களவு. இத அங்க கொண்டு போறன்."

சுபியான் கோணி ஊசியைச் சாக்கில் இருந்து இழுத்தார். நூல் முழுக்க வெளியே வந்துவிட்டது.

"இது தெருநாய் முதலாளி. தோட்டத்துக்கு நல்ல சாதி நாய் ஒண்டு..."

"சாதி எதுக்கு? புத்திதானே வேணும். இஞ்ச என்னத்துக்கு நாய்? இஞ்சதான் நீங்க இருக்கீங்களே. ஹோன் அடிக்க முந்தித் தொறக்கிறீங்க எண்டு ஊரெல்லாம் கதை."

அதற்குச் சொல்ல ஒரு பதில்தான் இருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல முடியாது.

"உங்களுக்கு ஏதும் மனவருத்தமா காக்கா?"

"இல்ல முதலாளி. மில்லுட நாய்தானே."

பின்னேரம் அதைக் கயிற்றில் கட்டிப் பிக்கப்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போது நாய் கடிக்கவில்லை, குலைக்கவில்லை. பிக்கப் கேட்டைத் தாண்டும் வரை சுபியானின் முகத்தைப் பார்த்தபடி நின்றது. அவர் கையில் தலை இருக்கவில்லை. பைக்குள் இருந்தது. எறிய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது பிக்கப் தெருவில் திரும்பிவிட்டது.

"சொல்லியிருக்கலாம் காக்கா," என்றான் பாயிஸ். "எனக்குக் கேக்காது, நாய்தான் என்ட காது எண்டு ஒரு வார்த்த. மனுசன்தானே அவரும்."

"மீராசாவும் அப்பிடித்தான் சொன்ன. நெஞ்சு இழுக்கிது, தூசி இல்லாத வேல ஒண்டு தாங்க, நீங்களும் மனுசன்தானே எண்டு."

பாயிஸ் தெரிந்த சாரதிமாருக்கு எல்லாம் சொல்லி வைத்தான். கேட்டுக்கு வந்தால் ஹோன் அடிக்க வேண்டாம், காக்காவுக்குப் போன் எடுங்க, அவருக்கு அதுதான் லேசு. சுபியான் போனை நடுங்க விட்டுச் சேர்ட் பைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அது பாதி லொறிகளுக்குச் சரிவந்தது. வெளியூர் லொறிக்காரர்களுக்கு அவருடைய நம்பர் தெரியாது. அவர்களுக்காக அவர் கதிரையைத் தூக்கிக் கேட்டோடு ஒட்டிப் போட்டு, முதுகைத் தகரத்தில் சாய்த்துக்கொண்டு இருந்தார். பெரிய லொறி வந்து நின்றால் தகரம் அதிரும், முதுகுக்குத் தெரியும். முச்சக்கரவண்டி வந்தால் தெரியாது. மூத்திரத்துக்குப் போகிற நேரத்தைக் குறைக்கத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். நேரம் தவறிய தொழுகையை வீட்டுக்குப் போய்க் களாச் செய்தார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் தகரம் அதிர்ந்தது. திறந்தார். சியாமின் பிக்கப் உள்ளே வந்ததும் மறுபடி பூட்டினார். பிக்கப்பின் பின்பக்கத்தில் நாய் நின்றது. விலா எலும்பு தெரிந்தது.

"இந்தாங்க காக்கா உங்கட நாய்," என்றார் சியாம் இறங்கிக்கொண்டே. "என்ன நாய் இது? ரெண்டு தரம் தேங்கா களவு போயிட்டு. கள்ளன் வந்தாலும் குலைக்கிதில்ல, ஆள் வந்தாலும் குலைக்கிதில்ல. தெருவில எந்த வாகனம் ஹோன் அடிச்சாலும் காவல்காரன்ட முகத்தப் போய்ப் பாக்குதாம். சாப்பிடக்குள்ளயும் பாக்குது, படுக்கக்குள்ளயும் பாக்குது. அந்த மனுசன் பயந்துபோய், பேய் புடிச்ச நாய், கொண்டு போங்க எண்டு நிக்கிறான்."

இன்பாஸ் சிரித்தான். சியாமும் சிரித்தார். சுபியானும் சிரித்தார். நாய் கயிறு அவிழ்ந்ததும் பாய்ந்து வந்தது. வந்து, செங்கல் வரிசையில் தானாக நின்றுகொண்டது. சுபியான் கதிரையைக் கேட்டடியில் இருந்து தூக்கிப் பழைய இடத்தில் போட்டார்.

அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு முச்சக்கரவண்டிக்காரன் ஹோன் அடித்திருக்கிறான். சுபியான் கேட்டுக்கு முதுகு காட்டி நின்றார். நாய் ஒரு தடவை காதைத் தூக்கி, அவருடைய முகத்தைப் பார்த்தது. சுபியானின் கை தன்பாட்டில் பைக்குள் போனது. தலையை எறிந்தார், திரும்பினார், போய்க் கேட்டைத் திறந்தார்.

திறந்துவிட்டு வந்தபோது சியாம் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நாயைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். மறுகா பையில் இருந்து லேஞ்சியை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார். உமித்தூசி பறந்துகொண்டிருந்தது. தூசிக்குத்தான் என்று சுபியான் நினைத்தார்.

லேஞ்சி அசைந்தது. சியாம் ஏதோ கேட்கிறார். கண்ணில் கோபம் இல்லை. நாயைப் பற்றித்தான் இருக்கும்.

"ஓம் முதலாளி," என்றார் சுபியான். "நல்லம்."

மூடையோடு போன இன்பாஸ் அப்படியே நின்றுவிட்டான். தராசில் இருந்த பெடியன் எழும்பி நின்று பார்த்தான். சியாம் லேஞ்சியை இறக்கினார்.

"உங்கட வீடு பத்தி எரியுது எண்டு சொன்னன் காக்கா. நீங்க நல்லம் எண்டு சொல்றீங்க."

சுபியானின் கண் லேஞ்சிக்குப் போனது.

"எவ்வளவு காலமா?"

"கொஞ்சக் காலம்தான் முதலாளி. மிசினுக்குக் கிட்ட நிண்டதில..."

"மிசினுக்குக் கிட்ட எத்தினயோ பேர் நிண்ட. மீராசா உங்களோடதானே நிண்டவர். அவருக்குக் காது நல்லாத்தானே இரிக்கி." சியாம் குரலைத் தாழ்த்தினார். அவருடைய வாய் சின்னதாக அசைவதில் அது தெரிந்தது. "இது லொறி பின்னுக்கு எடுக்கிற இடம். ஹோன் கேக்காத ஆள நான் கேட்டில வெச்சி, ஒண்டு நடந்தா அல்லாஹ்ட்ட நான் என்ன பதில் சொல்ற? உங்கட நன்மைக்குத்தான் சொல்றன். வீட்ட இருங்க. தொழுங்க. புள்ள குட்டியோட இருங்க."

"ஐஞ்சு மாசமா ஒரு லொறியும் நிண்டதில்ல முதலாளி. நாய் நிண்டா..."

"நாய நம்பி மில் நடத்தேலுமா காக்கா?"

பின்னேரம் பாயிசின் டிராக்டர் பெட்டியில் ஒரு மூடை அரிசி ஏறியது. அஸ்பியா வாசலில் மூடையைக் கண்டதும் நிலத்தில் இடிக்கவில்லை. அரிசியைப் பானையில் கொட்டிவிட்டுச் சாக்கை உதறும்போது, மூலையில் குறுக்காகப் போட்டிருந்த பத்துப் பன்னிரண்டு குத்துத் தையலைப் பார்த்தாள். அவருடைய தையல். சாக்கை நான்காக மடித்து மூலையில் வைத்தாள்.

எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

"எதுக்கு புள்ள?"

"றிபாட உம்மா தந்த. பூனைக்கு எண்டு."

சுபியான் சைக்கிளை மில்லுக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் சாத்தினார். கரண்ட் இல்லை, மில் ஓடவில்லை என்று கடைக்காரர் கையைக் காட்டிச் சொன்னார். மில்லின் புகைக்குழாயும் சும்மாதான் நின்றது. சுபியானின் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

கேட் ஒரு பாதி திறந்து கிடந்தது. கேட்டுக்குப் புதிதாக வைத்த ஆளைக் காணவில்லை. தகரத்துக்கு அப்பால் செங்கல் வரிசை தெரிந்தது, பழைய இடத்தில் கதிரை தெரிந்தது. கதிரையில் ஒரு சாக்கு பாதி தைத்தபடி, ஊசி குத்தியபடி கிடந்தது. எட்டு நாளாக அதை யாரும் எடுக்கவில்லை.

நெல் ஏற்றிய லொறி ஒன்று வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. பாதிக் கேட்டால் அது போகாது. சாரதி முன்னே குனிந்திருந்தார். அவருடைய கை ஸ்டியரிங்கின் நடுவில் இருந்தது. ஹோன் அடிக்கிறாரா, சும்மா கையை வைத்துக்கொண்டு யாரும் வருவார்களா என்று பார்க்கிறாரா என்று சுபியானுக்குத் தெரியவில்லை.

உமிக் குவியலில் இருந்து நாய் எழும்பியது. தலையைக் கேட்டுப் பக்கம் ஒரு தடவை தூக்கிவிட்டு ஓடி வந்து செங்கல்லில் நின்றது. அவர் தெருவுக்கு இந்தப் பக்கம், லொறிக்குப் பின்னால், பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது திரும்பிப் பார்க்கவில்லை. வெறுங்கதிரைக்கு மேலே, அவர் இருந்தால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் கண்ணை வைத்து, அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றது.

சாரதி ஹோனை அடித்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அப்போது அவருக்கு விளங்கியது.